மதகில் வைத்த மீட்டர்

“எண் எப்பவும் அளவுக்குள்ளதான் இருந்துச்சு டீச்சர். அப்புறம் ஏன் கிணறு செத்துச்சு?”

முனிரத்தினம் கேட்டார். வயது ஐம்பத்திரண்டு. தோல் ஆலையின் கழிவுநீர் மதகில் பதினோரு வருடம் வேலை. உப்பை அளக்கும் மீட்டரைத் தண்ணீரில் விடுவார். எண் சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவார். மதகு திறக்கும்.

ஓடையின் கீழ்ப்பக்கத்தில் அவர் தம்பியின் கிணறு உப்பாகிப் போனது. நாற்பது தென்னையும் பட்டுவிட்டன. தம்பி மனைவியோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான்.

அதன் பிறகுதான் முனிரத்தினம் மாலை வகுப்பில் வேதியியல் படிக்க வந்தார். டீச்சர் தில்ஷாத் அவரைவிட இருபது வயது இளையவர்.

தில்ஷாத் நூறு மில்லி தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்தார்.

“அளந்து பாருங்கண்ணா.”

“பத்து புள்ளி ஏழு.”

தில்ஷாத் அதில் ஒரு லிட்டர் ஆகும்வரை தண்ணீர் ஊற்றினார்.

“இப்ப?”

“ஒண்ணு புள்ளி ஒண்ணு ஒம்பது. இறங்கிடுச்சு. மதகைத் திறக்கலாம்.”

“உப்பை எடுத்தோமா?”

“இல்ல.”

“மீட்டர் காட்டுறது நியமக் கடத்துத்திறன், உப்புத் தண்ணியில மின்சாரம் ஓடுற அளவு. ஒரு மில்லிக்குள்ள இருக்கறதை மட்டும்தான் அது சொல்லும். எண்ணை மொத்த மில்லியால பெருக்குங்க.”

முனிரத்தினம் தாளில் பெருக்கினார்.

“முதல்ல ஆயிரத்து எழுபது.”

“ரெண்டாவது?”

அவர் மறுபடி பெருக்கினார். அடித்துவிட்டு, இன்னொரு முறை பெருக்கினார்.

“ஆயிரத்து நூத்தித் தொண்ணூறு. கூடியிருக்கு.”

“அதையே ஒரு மோல் உப்புக்குக் கணக்குப் பண்ணினா மோலார் கடத்துத்திறன். தண்ணி ஊத்த ஊத்த முதல் எண் இறங்கும், இது ஏறும். நெரிசல் குறைஞ்சதும் அயனிகள் இன்னும் தாராளமா ஓடும்.”

முனிரத்தினம் பேனாவை மூடினார்.

“ஆலையில எண் கூடினா என்ன பண்ணுவீங்கண்ணா?”

“போர் தண்ணியைக் கலப்போம்.”

“எவ்வளவு?”

“எண் இறங்குற வரைக்கும்.”

முனிரத்தினம் தானாகவே சொன்னார்.

“தோப்பு பட்டுப்போன வருஷம் தம்பி ஆலைக்கு வந்தான். ‘உங்க தண்ணியாலயாண்ணே’ன்னு கேட்டான்.”

“என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல. மீட்டரைக் காட்டினேன். நம்பிட்டுப் போயிட்டான்.”