தேரையின் தலைக்கு மேல் ஒரு தறி

முதலில் வம்பு செய்தது மைனாதான். குளக்கரையில் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். தேரை மறக்கவில்லை.

அந்தக் கரையில் தேரைக்கு ஒரு குழி இருந்தது. கோடையிலும் ஈரம் காயாத குழி. ஒரு நாள் அது பூச்சி பிடிக்கப் போய்விட்டுத் திரும்பியது. குழிக்கு மேல் ஒரு தறி நின்றது! அணில் குட்டியும் முயல் குட்டியும் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தன.

"இது என் வீடு!" என்று கத்தியது தேரை.

"காலியாகத்தானே கிடந்தது?" என்றது மைனா. "பிள்ளைகளுக்கு நெசவு சொல்லிக்கொடுக்கிறேன். மிதிகட்டையை மிதிக்கக் குழி வேண்டாமா? யானையாருக்கு நெற்றியில் கட்ட ஒரு முகபடாம் நெய்கிறோம். அது முடிந்ததும் குழி உமக்கே!"

"சத்தியமாக?"

"சத்தியமாக!"

வெளியே வெயில் கொளுத்தியது. தோல் காய்ந்தால் தேரை பிழைக்காது. வேறு வழியில்லாமல் மிதிகட்டைக்கு அடியில் ஒரு மூலையில் ஒடுங்கியது. அந்த நிமிடமே மைனாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டது.

மேலே பாடம் தொடங்கியது.

"நீளமாகக் கட்டியிருக்கும் நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை. அணிலே, முதுகைக் காட்டு! கோடு, இடைவெளி, கோடு, இடைவெளி. வந்ததே திரும்ப வருகிறதா? அதுதான் டிசைன்! நாம் நெய்யப்போவது தாமரை. ஒரு பூ, ஒரு இலை, மறுபடி ஒரு பூ!"

"என் முதுகில் ஒன்றுமே இல்லையே டீச்சர்?" என்றது முயல் குட்டி.

"நீ வெள்ளை வேட்டி. பேசாமல் மிதி!"

குட்டிகள் நெய்தன. மைனா சொன்ன இடத்தில் சிவப்பு நூலைக் கோத்தன. சொன்ன இடத்தில் பச்சை நூலைக் கோத்தன. மாலையில் மைனா வந்து பார்த்தது. துணி முழுக்க முடிச்சு. இங்கே ஒரு சிவப்பு வால், அங்கே ஒரு பச்சை வால். தாமரையைக் காணோம்.

"என்ன இது, கோழி கிளறின குப்பை மாதிரி? பிரியுங்கள்!"

"நீங்கள் சொன்ன மாதிரிதான் டீச்சர் செய்தோம்!"

"நான் சொன்னது சரி. நீங்கள் செய்தது தப்பு. பிரி!"

குழிக்குள் கதையே வேறு. தேரையின் தலைக்கு மேல் ஒரு சிவப்புத் தாமரை மலர்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு பச்சை இலை. தேரை கோபத்தைக்கூட மறந்து அண்ணாந்து பார்த்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இதழ்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

தேரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாளும் தாமரை மலர்ந்தது. மறுநாளும் மறைந்தது.

'நன்றாகத்தானே வருகிறது? ஏன் பிரிக்கிறார்கள்?' என்று மண்டையைக் குழப்பிக்கொண்டது. வாய் திறந்து கேட்டிருக்கலாம். பேச்சுத்தான் நின்றுபோயிருந்ததே! கடைசியில் அதற்கு ஒரு காரணம் தோன்றியது. 'துணி முடிந்தால் குழியைத் தர வேண்டும். அதனால்தான் முடியவிடாமல் பிரிக்கிறாள்!'

மேலே மைனாவும் குழம்பிப்போயிருந்தது. நூல் சரி. எண்ணிக்கை சரி. பூ மட்டும் எங்கே போயிற்று?

யானையார் வரும் நாள் வந்தது. துணி முடிந்தது. மறுபடியும் அதே முடிச்சு, அதே வால்!

"பிரியுங்கள்!"

"டீச்சர், யானையார் வருகிறார்! தரை அதிர்கிறது!"

"அதிரட்டும், பிரி!"

தேரையால் தாங்க முடியவில்லை. "அடி ஏமாற்றுக்காரி! மலர்ந்த பூவைப் பிய்த்துப் பிய்த்துப் போடுகிறாயே! குழியைத் தர மனமில்லை என்று நேராகச் சொல்லேன்!"

"பூவா? என்னையா கேலி செய்கிறீர்?"

தேரையைக் கொத்துவதற்காக மைனா குழிக்குள் பாய்ந்தது. தேரை விலகிக்கொண்டது. மைனா மல்லாக்க விழுந்தது. திறந்த அலகு திறந்தபடியே நின்றது. தலைக்கு மேல் பூ, இலை, பூ, இலை!

"மேலே குப்பை, கீழே தாமரையா? எனக்குத் தலை சுற்றுகிறதே!"

"இத்தனை நாளும் நான் பார்த்தது இதைத்தான். நீ எதைப் பார்த்தாய்?"

அப்போதுதான் விஷயம் வெளிச்சமானது. அந்தத் தறியில் துணியின் நல்ல பக்கம் கீழே விழும். முடிச்செல்லாம் மேலே நிற்கும். அறுத்துத் திருப்பினால்தான் பூ தெரியும். மைனா ஒரு நெசவாளர் வீட்டுக் கூரை ஓட்டை வழியாகப் பார்த்துத்தான் தொழில் கற்றது. அவர் துணியை அறுத்துத் திருப்பிய நேரத்தில் அதற்குப் பசி வந்துவிட்டது. பாதியில் பறந்துபோயிற்று!

குட்டிகள் துணியை அறுத்துத் திருப்பின. யானையார் அதை நெற்றியில் கட்டிக்கொண்டு குளத்தில் முகம் பார்த்தார்.

"அடடா! யார் சொல்லிக்கொடுத்தது?"

"நான்தான்!" என்றது மைனா. தேரையின் பேச்சையே எடுக்கவில்லை.

"எங்கள் வீட்டில் இன்னும் ஐந்து நெற்றி காலியாக இருக்கிறது. அதற்கும் நெய்யுங்கள்!"

"என் குழி?" என்று கேட்டது தேரை.

"இன்னும் ஐந்தே ஐந்து! கொஞ்சம் பொறும்!" என்றது மைனா.

முயல் குட்டி மிதித்தது. மிதிகட்டை தேரையின் தலையில் 'ணங்' என்று இறங்கியது.

அந்த ஐந்தும் முடிந்து, அதற்கப்புறம் மான்களுக்குப் போர்வையும் ஆயிற்று. குழி இன்னும் வரவில்லை.

மேலே நின்று பார்க்கிறவருக்கு ஒரு பக்கம்தான் தெரியும். மறுபக்கத்தைக் காட்டியவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும்.