ராஜா இறங்கிய தேன்கயிறு

முன்னொரு காலத்திலே, மலைகளுக்கும் காது கேட்ட காலத்திலே, மருதவேலி என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. ராஜா பெயர் வச்சிரபாகு. மலைக்குக்கூடக் காது கேட்டது, இவருக்குத்தான் கேட்காது! நல்லவர்தான், ஆனால் யார் சொன்னாலும் ஏறாது.

ஒருநாள் நெருப்பூதி என்ற மந்திரவாதி சந்தைக்குள் புகுந்து வாயைத் திறந்து ஊதினான். வளையல் கடை எரிந்தது. வளையல் வாங்க வந்த பெண்களும் எரிந்து போனார்கள். "எல்லோரும் என்னைக் கண்டு நடுங்க வேண்டும்!" என்று கத்திவிட்டு மலைப்பக்கம் ஓடி மறைந்தான், பாவி.

ராஜாவிடம் பேசும் கதாயுதம் ஒன்று இருந்தது. "ராஜா, குற்றவாளி மேல் என்னைப் போடு. ஒரே அடியில் அவன் மந்திரம் ஒழியும். அப்பாவி மேல் போட்டால் குற்றவாளி ஒன்றுக்கு இரண்டாவான். விசாரித்து அடி" என்றது.

கேட்டாரா? கேட்கவில்லை.

"கையில் தீக்காயம் உள்ளவனை எல்லாம் பிடியுங்கள்!" என்றார். மலையில் தேன் எடுப்பவர்கள் புகைப்பந்தம் பிடித்துத் தேனீயை விரட்டுகிறவர்கள். அவர்கள் கையில் தீக்காயம் இல்லாமல் தாமரைப் பூவா இருக்கும்? அவர்களை அடித்துச் சிறையில் தள்ளினார். நெருப்பூதி இரண்டானான். கொல்லர்களை அடித்தார், நாலானான். அரண்மனைச் சமையல்காரரையே அடித்தார், எட்டானான்.

"இன்னும் பலமாக அடிக்க வேண்டும் போலிருக்கிறது" என்றார் ராஜா. தலையில் அடித்துக்கொள்ளக் கை இல்லையே என்று கதாயுதம் வருந்தியது.

அப்போது கோலன் என்ற தேன்காரன் பிடிபட்டான். மறுநாள் காலை தூக்கு என்று தீர்ப்பாயிற்று. அவன் மனைவி மாதி அழுதுகொண்டு வரவில்லை, கோபத்தோடு வந்தாள்.

"ராசா, நெருப்பூதி ஒளிஞ்சிருக்கற குகை எங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் எம் புருசன் மலையிறங்கி வந்தாரு. வாசல்லயே கையைப் பாத்துப் புடிச்சுட்டாங்க."

"முன்பே வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"யாருகிட்டச் சொல்ல? அவன் வந்தா எரிக்கறான், நீங்க வந்தா அடிக்கறீங்க. நடுவுல நாங்க எங்க போய் நிக்கறது?"

ராஜா எழுந்தார். நேரே சிறைக்குப் போனார். "தப்பு என்னுடையது, மன்னியுங்கள்" என்று எல்லோரையும் கும்பிட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டார். கதவு திறக்கத் திறக்க நெருப்பூதிகள் புகையாகக் கரைந்தார்கள். அசல் ஆள் மட்டும் மிஞ்சினான்.

அவன் குகை செங்குத்துப் பாறையின் நடுவில் இருந்தது. தேன்காரர்கள் பாறையில் இறங்கும் தேன்கயிறு கட்டித்தான் இறங்க முடியும். கதாயுதமோ ராஜா கையில்தான் வேலை செய்யும். தேன்காரர் வழக்கப்படி மேலே கயிறு பிடிப்பவன் இறங்குகிறவனுடைய மனைவியின் தம்பி. அக்காள் தாலி அறுபடக் கூடாது என்று உயிரைக் கொடுத்துப் பிடிப்பான். ராஜாவுக்கோ மைத்துனன் கிடையாது.

"நான் புடிக்கறேன்" என்றான் கோலன்.

கூட வந்த வீரர்கள் பதறினார்கள். ராஜா அவன் முகத்தைப் பார்த்தார், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். நெருப்பூதி ஊதினான். கதாயுதம் பாய்ந்தது. மந்திரம் ஒழிந்து, இருமிக்கொண்டு ஒரு நோஞ்சான் நின்றான். இவனுக்கா இத்தனை பேர் நடுங்கினோம் என்று ராஜாவுக்கு எரிச்சல்தான் வந்தது. ராஜா மறுபடி ஓங்கினார்.

"போதும், இனி இவன் நீதி மண்டபத்துக்கு" என்றது கதாயுதம்.

கேட்டாரா? கேட்டார், ஒருவழியாக!

கயிறு முதலில் நெருப்பூதியை மேலே தூக்கிப் போனது. ராஜா குகையில் தனியாக நின்றார். கயிறு திரும்பவில்லை.

"கோலா! என்னப்பா ஆச்சு?"

"கொஞ்சம் பொறுங்க ராசா," மேலிருந்து மாதி குரல் கொடுத்தாள். "உங்களைத் தூக்கலாமான்னு விசாரிச்சுட்டிருக்கோம்!"

ராஜாவுக்கு வியர்த்தது. பிறகு கயிறு இறங்கியது.

நீதி மண்டபத்தில் சாட்சிகள் பேசினார்கள். நெருப்பூதிக்கும் பேச இடம் கொடுத்தார்கள். ஆயுள் முழுக்கச் சிறை என்று தீர்ப்பாயிற்று. செத்தவர்கள் திரும்பவில்லை. ஆனாலும் சந்தை கூடியது.

"மாதி, என்ன வேண்டுமோ கேள், தருகிறேன்" என்றார் ராஜா.

"இனிமே எங்க மலைக்கு ஆள் அனுப்பினா, காது கொடுத்துக் கேக்கறவங்களை முதல்ல அனுப்புங்க ராசா. அடிக்கறவங்க அப்புறம் வரட்டும்."