தளவாய் விழுந்த கட்டம்

பாளையங்கோட்டையில் குறுக்கெழுத்துக்கு ஒரு குரு இருக்கிறார். தாடியெல்லாம் கிடையாது. பல் டாக்டர், எப்சிபா என்று பெயர், வயது முப்பத்தைந்து இருக்கும்.

எங்கள் குழுவின் புதிர்கள் நேராக ஒன்றும் சொல்லாது. ஒவ்வொரு குறிப்பும் ஆளை வேறு தெருவில் சுற்றவிட்டுத்தான் விடையைக் காட்டும். வாரம் முழுக்க வீட்டில் மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை டாக்டரின் கிளினிக்கில் கூடுவோம். யாராவது ஒருவர் அந்த வாரப் புதிருக்கு விமர்சனம் எழுதி வருவார். டாக்டர் சரி என்றால் அது எங்கள் இணையதளத்தில் வரும்.

தளவாய் சார் எழுதியது மட்டும் ஒருமுறைகூட வந்ததில்லை. தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்றவர். மகள் வயதுப் பெண்ணை மனதார குரு என்று சொல்லிக்கொள்கிறவர். அதனாலேயே அவருக்கு அதிகம் வலித்தது.

"இன்னைக்கும் திருப்பிக் கொடுத்தாங்கன்னா இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளினிக் படியேறும்போதே என்னிடம் சொன்னார். சொன்னால் செய்கிற மனுஷர். அவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரப் புதிரை அமைத்தவள் ஒரு புதுப் பெண். மின்மினி என்று புனைபெயர். அதுதான் அவளுக்கு முதல் புதிர்.

டாக்டர் தளவாய் சாரின் விமர்சனத்தை நின்றபடியே வாசித்தார். மூன்றாவது குறிப்பு நீளம், எட்டாவதில் ஒரு சொல் உபரி, பதினொன்று பழைய உத்தி, மொத்தத்தில் சுமார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்."

தளவாய் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா போட முடியாது."

"அப்போ விமர்சனம்னா என்னதான் டாக்டர்? நீங்களே சொல்லிருங்க." என்று கேட்டார் தளவாய் சார்.

"நீங்க நிரப்பின தாள் இருக்கா?"

தயங்கித் தயங்கிக் கொடுத்தார். கட்டங்கள் பளிச்சென்று இருந்தன, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. டாக்டர் நோயாளி நாற்காலிக்கு மேலே இருந்த விளக்கைப் போட்டு, தாளை அதற்கு நேரே பிடித்தார். ரப்பர் வைத்து அழித்த தடமெல்லாம் தெரிந்தது. ஓரிடத்தில் தாளே தேய்ந்திருந்தது.

"இங்க என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. சின்னக் கைத்தவறு."

"பல் வலிக்காரங்களும் இப்படித்தான் சொல்வாங்க. வாயைத் திறங்க சார்."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. 'மனதில் ஒன்று விட்டுப்போனால் எழும்பும் சுவர், மூன்றெழுத்து' என்பது அந்த இடத்துக்கான குறிப்பு.

"மௌனம்னு போட்டேன்" என்றார். "சந்தேகமே வரல. எங்க வீட்டுக்காரி ரெண்டு நாள் பேசாம இருந்தாலே சுவர்தானே? அதைத் தொட்டுக் கீழே இறங்குற சொல் ஒண்ணும் ஒட்டல. இந்தப் பொண்ணுக்குப் புதிரே அமைக்கத் தெரியலன்னு கத்தினேன். அழிச்சிட்டுக் கோபம்னு போட்டேன். அதுவும் ஒட்டல."

"அப்புறம்?"

"மறுநாள் பல் தேய்க்கறப்போ பொறி தட்டிச்சு. மனசையும் தேட வேண்டாம், உறவையும் தேட வேண்டாம். 'மனதில்'ங்கிற சொல்லுல ஓரெழுத்தை விட்டுட்டா மதில்! கண்ணு முன்னாடியே நிக்குது டாக்டர்! நான் பாட்டுக்குத் தத்துவம் பேசிக்கிட்டு அலையறேன். பிரஷ்ஷும் வாயுமா அப்படிச் சிரிச்சேன். கண்ணாடி பூரா நுரை. எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு வீட்டுக்காரி அடுப்பை அணைக்காம ஓடி வந்துட்டா."

சொல்லும்போதே அவருக்கு மறுபடி சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எங்களுக்கு வயிறு வலித்தது. பக்கத்து மருந்துக்கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"இதையா எழுதச் சொல்றீங்க? நான் ஏமாந்ததையா? ஊரே சிரிக்குமே டாக்டர்."

டாக்டர் விளக்கை அணைத்துவிட்டுத் தாளை அவரிடம் நீட்டினார்.

"நீங்க அப்படி ஏமாந்து சிரிக்கணும்னுதான் சார் அந்தப் பொண்ணு உக்காந்து யோசிச்சிருக்கா. நீங்க அழிச்சிட்டா அவளுக்கு எப்படித் தெரியும்?"