அஞ்செழுத்துல ஆறு

காவேரிக் கரையில, பாலத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன மடம். மடத்துல ஒரு சாமி. வயசு நாப்பதுகூட ஆகல. ஆனா அறுபது வயசுக்காரங்களையும் "நீ, வா, போ"தான்.

அவருகிட்ட காத்தமுத்துனு ஒரு சீடரு. முன்னால பிரைவேட் பஸ் டிரைவரு. பதினோரு வருசமா மடத்துச் சமையல் அவருதான். காலையில கஞ்சியக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டாந்து வெப்பாரு. சாமி ஒரே வார்த்ததான் சொல்லுவாரு: "ஆறட்டும்."

அது ஆறுற வரைக்கும் ரெண்டு பேரும் உக்காந்து பேசுவாங்க. மழை, மாடு, பழைய பஸ்சு கதைனு ஏதோ ஒண்ணு. காத்தமுத்துக்கு மடம்னா அந்தக் கால்மணி நேரம்தான்.

அதுல மண்ண அள்ளிப் போட வந்துச்சு ஒரு அம்மா. பேரு பத்மாசனி. டெலிபோன் ஆபீஸ்ல முப்பது வருசம் இருந்து ரிட்டயர் ஆனது. வந்த மறுநாளே, கஞ்சி ஆறுற நேரமாப் பாத்து பேப்பர விரிச்சு, சாமியோட ஒரு விளையாட்டு.

"எஸ், டி, ஓ. அஞ்செழுத்து," ம்பாரு சாமி.

"ஸ்டோன், ஸ்டோர், ஸ்டோரி, ஸ்டவ், ஸ்டூல்!" அந்தம்மா மூச்சு விடாது.

மொத மூணு எழுத்தும் ஒண்ணா இருக்கணும், நீளமும் ஒண்ணா இருக்கணும். இங்கிலீசு வார்த்தையா இருக்கணும். அவ்வளவுதான் விளையாட்டு.

மொத நாளு காத்தமுத்துக்கு இது தெரியாது. "அஞ்செழுத்து"னு காதுல விழுந்ததும், கரண்டியோட கையத் தலைக்கு மேல கூப்பி, "நமசிவாய!"ன்னாரு.

சாமி சிரிச்சாரு. அந்தம்மா சிரிச்ச சிரிப்புல மூக்குக்கண்ணாடி கழண்டு கஞ்சிக்குள்ள விழுந்துச்சு.

அன்னைக்குக் காத்தமுத்து வயித்துல புடிச்ச தீ. எட்டு மாசம் அணையல. அடுப்படியில பூசணிக்காய வெட்டுறப்பக்கூட, "ஹலோ, நம்பர் ப்ளீஸ்... ஐயோ சாமி, எனக்குத் தெரியுமே சாமி"னு அந்தம்மா குரல்லயே பேசிட்டு ஒரே போடு போடுவாரு. பூசணி ரெண்டாப் பொளக்கும்.

ஒருநாள் சாமி முன்னாடி போயி நின்னாரு.

"சாமி, பதினோரு வருசம் பெருசா, எட்டு மாசம் பெருசா?"

"எதுக்கு அளக்குற?"

"எனக்கும் எழுத்து குடுங்க. சொல்லிட்டேன்னா கஞ்சி நேரம் எனக்கு. அந்தம்மா அந்தப் பக்கம் போயி மாட்டோட விளையாடட்டும். சொல்லலேன்னா பெட்டியத் தூக்கிட்டு நாளைக்கு பன்னெண்டரை வண்டியில போயிடுறேன்."

"உன்ன யாரு போகச் சொன்னா?"

"நாந்தான்."

மறுநாள் காலையில மூணு பேரும் உக்காந்தாங்க. நடுவுல கஞ்சி.

"ஆர், ஐ, வி," ன்னாரு சாமி. "அஞ்செழுத்து. ரெண்டு வார்த்த. பன்னெண்டு மணி வரைக்கும் யோசி. பத்மாசனி, நீ வாயத் தொறக்காத."

காத்தமுத்து ஒரு நிமிசம்கூட யோசிக்கல. "ரைவல்! ஆர், ஐ, வி, ஏ, எல்!"

சாமியே அசந்துட்டாரு. "எப்படிரா?"

"எங்க மொதலாளி டிரைவர் சீட்டுக்கு எதுக்கால ஒரு பேப்பர் ஒட்டியிருப்பாரு சாமி. முன்னாடி போற போட்டிக் கம்பெனி வண்டி எத்தன மணிக்குக் கெளம்புது, எங்க நிக்குதுனு. மேல தலைப்பு, ரைவல். இருவது வருசம் அந்த எழுத்தப் பாத்துக்கிட்டே வண்டி ஓட்டியிருக்கேன்."

"ரோட்டப் பாக்கலையா?"

"ரோடு தானா வரும் சாமி."

பத்மாசனி கை தட்டுச்சு. அதப் பாத்து இவருக்கு இன்னும் எரிஞ்சுது.

"சரி. இன்னொண்ணு?"

இன்னொண்ணு வரல. சோறு வடிச்சாரு, வரல. வெண்டைக்காய் கருகுச்சு, வரல. மணி பன்னெண்டாகப் போவுது.

"ஒரு துப்புக் குடுங்க சாமி."

"ஆறு."

காத்தமுத்து விரல் விட்டு எண்ணினாரு. "ஆறா? அஞ்சுன்னீங்களே!"

"அஞ்செழுத்துதான். ஆறு."

"அஞ்சா, ஆறா?"

"ரெண்டும்."

"தெரியுது சாமி, தெரியுது! அந்தம்மாவுக்குன்னா அஞ்சு, எனக்குன்னா ஆறு. வரேன்!"

தகரப் பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்பிட்டாரு. சாமி தடுக்கல. கூடவே நடந்தாரு. பாலத்து மொனையிலதான் பஸ் ஸ்டாப். ரெண்டு பேரும் வண்டிக்காக நின்னாங்க.

பின்னாடி, "காத்தமுத்து! காத்தமுத்து!"னு ஒரே சத்தம். பத்மாசனி மூச்சு வாங்க ஓடி வருது.

"உங்க மூக்குக்கண்ணாடிய அடுப்படியிலயே வெச்சுட்டு வந்துட்டேளே! வண்டி போர்ட எப்படிப் படிப்பேள்?"

இவரு வாங்கினாரு. வாங்கிக்கிட்டே கேட்டாரு.

"உங்களுக்கு அந்த வார்த்த தெரியுமா?"

"அவர் எழுத்தச் சொன்ன உடனேயே தெரியும்."

"வாயத் தொறக்காதன்னாரு, சரி. அடுப்படிக்கு வந்து என்னைய ஒருவாட்டி குத்திக் காட்டியிருக்கலாம்ல?"

"நேக்குத் தெரியும்னா நீங்க இன்னும் ஒரு மணி முன்னாடியே கெளம்பியிருப்பேள். நேக்கு ரசம் வெக்க வராது. எட்டு மாசமா உங்க ரசத்த மட்டும்தான் சாமி ரெண்டாந்தரம் கேக்கறார். நான் வெச்ச காப்பியக்கூட ஆறட்டும்னு சொல்லி ஓரமா வெச்சுடறார். பாத்துப் பாத்து நேக்கு வயித்தெரிச்சல்."

காத்தமுத்து கண்ணாடிய மாட்டுனாரு. அந்தம்மா மொகத்தப் பாக்கக் கூச்சமா இருந்துச்சு. வேற எங்க பாக்குறதுனு தெரியாம, பாலத்து மொனையில இருக்குற கவர்மென்ட்டு போர்டப் பாத்தாரு. பச்ச போர்டு. மேல தமிழ்ல, காவிரி ஆறு. கீழ இங்கிலீசு.

"ஆர்... ஐ... வி... ஈ... ஆர்."

பெட்டி கைய விட்டு நழுவுச்சு. மூடி தொறந்து டம்ளரு ஒண்ணு உருண்டு போச்சு.

"சாமி! ஆறு! அஞ்செழுத்துல ஆறு! பதினோரு வருசமா தெனம் காலையில இதுலதான சாமி முழுகுறேன்!"

சாமி போயி டம்ளர எடுத்துட்டு வந்தாரு.

பன்னெண்டரை வண்டி வந்து நின்னுச்சு. கண்டக்டரு விசில் அடிச்சான். யாரும் ஏறல. வண்டி போயிடுச்சு.

மூணு பேரும் ஆத்தப் பாத்துட்டு நின்னாங்க. தண்ணி அதுபாட்டுக்குப் போவுது.

காத்தமுத்து மெல்லக் கேட்டாரு, "ரெண்டாவதையும் சொல்லிட்டேன். ஆனா வயிறு இன்னும் எரியுதே சாமி?"

சாமி டம்ளரத் தொடச்சு அவரு கையில குடுத்தாரு.

"ஆறு."

காத்தமுத்து இந்தவாட்டி விரல் விடல.