ஆச்சு என்று சொன்ன அரண்மனை

முன்னொரு காலத்தில், ராஜாவுக்கு வயிறு உப்பினால் ஊருக்கே பத்தியம் என்றிருந்த ஒரு நாட்டில், சிங்கமுடியார் என்றொரு மன்னர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். பசிக்காத நேரத்தில் மிகவும் நல்லவர்.

பக்கத்து நாட்டுக் கல்யாண விருந்துக்குப் போய்த் திரும்பியதிலிருந்து அவருக்கு வயிறு மத்தளம் மாதிரி ஆகிவிட்டது. அரண்மனை வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்ச காலத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு போதும், மகாராஜா" என்றார். மன்னரும் சரி என்றார். ஆனால் மறுநாள் காலையிலேயே சமையற்கட்டுப் பக்கமிருந்து யாரோ நிம்மதியாக ஏப்பம் விட்ட சத்தம் அவர் காதில் விழுந்தது.

"நான் பசியோடு இருக்கும்போது என் அரண்மனையில் இன்னொருவன் ஏப்பம் விடுவதா?" என்று கேட்டார் மன்னர்.  அன்றே முரசு அறைந்தார்கள். அரண்மனையைச் சேர்ந்தவர் எவராயினும் நாளுக்கு ஒருமுறைதான் சாப்பிட வேண்டும், அதுவும் உச்சிப்பொழுதில். மீறினால் நாடு கடத்தல்.

சட்டம் போட்ட மறுநாள் காலையில் மன்னருக்கே கண் இருட்டியது. அப்போதுதான் பண்டகசாலைத் தலைவர் கருணாகரர் குனிந்து வணங்கி, "மகாராஜா, சாப்பாடு என்றால் சோறு. பலகாரம் எப்படிச் சாப்பாடாகும்? விரத நாளில் நாம் என்ன செய்கிறோம்? சோற்றைத் தொடுவதில்லை. இட்லியும் வடையும் பணியாரமும் விரதத்தைக் கெடுப்பதாக யாரும் சொன்னதில்லை" என்றார்.

மன்னரின் முகம் மலர்ந்தது. அன்று முதல் காலையில் இட்லி, மாலையில் அப்பமும் சுழியமும் என்று மன்னரின் பத்தியம் முறையாக நடந்தது. அவையில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் அதே பத்தியத்தைக் கடைப்பிடித்தார்கள். எல்லோருக்கும் கொஞ்சம் தொந்தி விழுந்தது.

அப்படியானால் குதிரைக்காரர்களும் யானைப்பாகர்களும் பல்லக்குத் தூக்குபவர்களும் காலையில் குடித்துவந்த கேழ்வரகுக் கூழ்? அதைப் பற்றிக் கருணாகரர் ஆழ்ந்து யோசித்தார். "தானியத்தைத் தண்ணீரில் வேகவைப்பதால் கூழ் சோற்றுக்குத் தம்பி முறை. ஆகவே அது சாப்பாடு" என்று முடிவு சொல்லிக் கூழ்ப் பானைகளைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். கருணாகரர் என்ற பெயரை அவருக்கு வைத்தவர்கள், பாவம், அவர் குழந்தையாக இருந்தபோது வைத்தார்கள்.

அந்த அவையில் தோணியப்பன் என்றொரு விகடன் இருந்தான். மன்னரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. ஊரே அவனைப் பெரிய தைரியசாலி என்று நினைத்தது. உண்மையில் ஒவ்வொரு வேடிக்கைப் பேச்சையும் அவன் வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, சரியாக வருமா வராதா என்று வழியெல்லாம் குழம்பிக்கொண்டேதான் அரண்மனைக்கு வருவான். மன்னர் சிரித்த பிறகும், மரியாதைக்குச் சிரித்தாரோ என்று சந்தேகப்படுவான்.

யானைக்கொட்டடி வழியாக வரும்போதெல்லாம் பாகன் மாசாணம் அவனைப் பிடித்துக்கொள்வான்.

"ஆனைக்குச் சட்டம் இல்லண்ணே. விடிஞ்சதுலேருந்து தின்னுக்கிட்டே கெடக்கு. நான் வெறும் வயித்தோட அதைப் பாத்துக்கிட்டே நிக்கிறேன். நேத்து அதுவே என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டு ஒரு கரும்பை நீட்டுச்சு."

"வாங்கினியா?"

"வாங்கலாமா வேணாமான்னு யோசிக்கிறதுக்குள்ள அதுவே தின்னுட்டுச்சு."

அன்று தோணியப்பன் அவையில் மெல்லச் சொன்னான். "மகாராஜா, தங்கள் பத்தியம் நன்றாகப் பலித்திருக்கிறது. சிங்காசனம்தான் இளைத்துவிட்டது போலத் தெரிகிறது. காலைக் கூழையும் பலகாரக் கணக்கில் சேர்த்துவிட்டால் பல்லக்குத் தூக்குகிறவர்களுக்கும் தெம்பு வரும்."

மன்னர் சிரித்தார். ஆனால், "சட்டம் கருணாகரர் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். கருணாகரர் சிரிக்கவில்லை. மன்னரைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவன்மேல் அவருக்கு நெடுநாளாகவே ஓர் எரிச்சல். அதோடு இப்போது அவன் பண்டகசாலைக்குள்ளும் மூக்கை நுழைக்கிறான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்தால் முதல் கேள்வி, "சாப்பிட்டாச்சா?" என்பது. பதில், "ஆச்சு." சாப்பிட்டிருந்தாலும் ஆச்சுதான், சாப்பிடாவிட்டாலும் ஆச்சுதான். ஏனென்றால் "இல்லை" என்று சொல்லிவிட்டால் கேட்டவர் அப்போதே இலை போட்டுச் சோறு போட்டாக வேண்டும். அவருக்கு எதற்கு அந்தச் சிரமம் என்று எல்லோரும் ஆச்சு என்றார்கள். அவையில் செந்தமிழ் பேசுகிறவர்கள் வாயிலும் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஆச்சுதான் வரும்.

மறுநாள் காலையில் கருணாகரர் வழக்கமில்லாத புன்னகையோடு தோணியப்பனுக்கு எதிரே வந்தார். பின்னால் இரண்டு வாயிற்காவலர்கள்.

"தோணியப்பரே, சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு, ஐயா."

உச்சிப்பொழுதில் பந்தி முடிந்து கைகழுவும் இடத்தில் மறுபடியும் வந்தார். அதே காவலர்கள்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு, ஐயா" என்று சொல்லி வாயை மூடிய பிறகுதான் தோணியப்பனுக்கு உள்ளுக்குள் ஏதோ இடறியது. அதற்குள் காவலர்கள் அவன் கையைப் பிடித்துவிட்டார்கள். அன்று மாலை அவையில் மன்னர் முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

"காலையில் ஒருமுறை சாப்பிட்டதாகச் சொன்னார், மகாராஜா. பகலில் இன்னொருமுறை. எல்லாம் அவர் வாயாலேயே சொன்னது" என்றார் கருணாகரர். காவலர்கள் இருவரும், "காலையில் ஆச்சு, பகலில் ஆச்சு" என்று சாட்சி சொன்னார்கள்.

"காலையில் நான் ஒன்றும் சாப்பிடவில்லை, மகாராஜா. மரியாதைக்குச் சொன்னேன்."

"அப்படியானால் அரண்மனை அதிகாரியிடம் பொய் சொன்னதாக வைத்துக்கொள்ளலாமா? அதற்குத் தண்டனை குறைவா என்பதை மகாராஜாதான் சொல்ல வேண்டும்."

மன்னருக்குச் சங்கடமாக இருந்தது. அப்போது மாலைப் பலகார நேரம் வேறு. வழக்கை இழுக்க அவருக்கு விருப்பமில்லை. "வாயிலிருந்து வந்த சொல்லே சாட்சி. ஆச்சு என்றால் ஆச்சுதான். நாளை மாலை அவை கலைவதற்குள் நீ நாட்டைவிட்டுப் போக வேண்டும், தோணியப்பா."

"இந்தச் சட்டம் எனக்கு மட்டுமா, மகாராஜா?"

"அதென்ன கேள்வி? எல்லோருக்கும்தான். எனக்கும் சேர்த்துத்தான்" என்று மன்னர் கம்பீரமாகச் சொன்னார். அப்படிச் சொல்வது அவருக்கு எப்போதும் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்து தோணியப்பன் விஷயத்தைச் சொன்னதும் அவன் மனைவி பூரணம் தொழுவத்தைப் பார்த்தாள்.

"மாடு இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது. கன்னு போடப் போற மாட்டை ஓட்டிக்கிட்டு எந்த எல்லையைத் தாண்டச் சொல்றாரு ஒங்க ராசா? நீங்கதான் பேச்சுல கெட்டிக்காரராச்சே, ஒண்ணும் தோணலையா?"

"நாலஞ்சு தோணுது. எதுவும் நல்லா இல்ல."

பூரணம் பெருமூச்சு விட்டாள். "சரி, சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு" என்றான் தோணியப்பன்.

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அந்த நிலைமையிலும் பூரணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாடு கடத்தின வார்த்தை. இன்னும் விட மாட்டேங்குது பாருங்க. நாக்குல ஊறினது அப்படித்தான். அந்த ராசாவையே கேட்டாலும் இதுதான் வரும்."

தோணியப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு, "வருமா?" என்றான். "வராமப் போயிட்டா?"

"வராமப் போனா மாட்டை ஓட்டிக்கிட்டுப் போவோம். இப்ப மட்டும் என்ன வாழுது?"

மறுநாள் காலை அவன் அரண்மனைக்குப் போய், எல்லோரிடமும் முறைப்படி விடைபெற அனுமதி கேட்டான். மன்னர் கொடுத்தார். அவன் எங்காவது ஒளிந்துகொள்ளக்கூடும் என்று கருணாகரர் அதே இரண்டு காவலர்களையும் அவனோடு அனுப்பினார். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று தானே கேட்டிருந்தால் இவர்கள் கிடைத்திருப்பார்களோ என்னவோ என்று தோணியப்பன் நினைத்துக்கொண்டான்.

முதலில் படைத்தலைவர். கையில் வடை. "வணக்கம், ஐயா. சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு, ஆச்சு. பத்திரமாகப் போய் வாரும்."

அடுத்து வைத்தியர். வாய் நிறையக் கொழுக்கட்டை இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார். தலையாட்டல் சாட்சியாகுமா என்று காவலர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வைத்தியர் விழுங்கிவிட்டு, "ஆச்சு" என்று ஐயத்தைத் தீர்த்துவைத்தார்.

பிறகு மன்னர். எச்சில் இலையை அப்போதுதான் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"மகாராஜா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டான் தோணியப்பன்.

"ஆச்சப்பா" என்றார் மன்னர் அன்போடு.

கருணாகரர் மட்டும் விவரமானவர். கேள்வியைக் கேட்டதும் கண்ணைச் சுருக்கினார். உதடு பிரியவில்லை. மெல்லச் சிரித்துவிட்டு நகர்ந்தார். 

பந்தி முடிந்த பிறகு இன்னொரு சுற்றுப் போனான். விட்டுப்போனவர்கள் இருக்கக்கூடும், மறுபடியும் வணங்கிவிடலாம் என்றான். எல்லோரும் மறுபடியும் ஆச்சு என்றார்கள். மன்னரும் சொன்னார். இம்முறை கருணாகரரும் தலைநிமிர்ந்து, "ஆச்சு. சட்டப்படி, ஒரே முறை" என்றார்.

மாலையில் அவை கூடியது. தோணியப்பன் மூட்டையோடு வந்து நின்றான். வாசலில் பூரணம் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் அரச பல்லக்கு தயாராக இருந்தது. அதன் பின்னால் மாசாணம் யானைகளை வரிசையாக நிறுத்தியிருந்தான்.

"உனக்கு வழியனுப்பு விழா பலமாக இருக்கிறதே" என்றார் மன்னர்.

"எனக்கு மட்டும் இல்லை, மகாராஜா. பல்லக்கு தங்களுக்கு. யானைகள் அவைப் பெரியவர்களுக்கு. எல்லோரும் சேர்ந்துதானே போகிறோம்." அவன் காவலர்களைப் பார்த்தான். நேற்று எப்படிச் சொன்னார்களோ அப்படியே இன்றும் அவர்கள் சொன்னார்கள். படைத்தலைவர் காலையில் ஆச்சு, பகலில் ஆச்சு. வைத்தியர் காலையில் ஆச்சு, பகலில் ஆச்சு. கடைசியாக, தரையைப் பார்த்துக்கொண்டு, மகாராஜா காலையில் ஆச்சு, பகலில் ஆச்சு.

"ஒரு சிறு குறைதான், மகாராஜா" என்றான் தோணியப்பன். "தூக்குபவர்கள் காலைக் கூழ் இல்லாமல் இருக்கிறார்கள். எல்லையை அடைய நேரமாகும்."

மன்னரின் முகம் சிவந்தது. தோணியப்பன் மூட்டையைக் கீழே இறக்கி, அதில் சாய்ந்துகொண்டான்.

"காலையில் நான் சாப்பிட்டது பலகாரம்" என்றார் மன்னர்.

"பலகாரம் சாப்பாடாகாது என்பது பண்டகசாலைத் தலைவரின் தீர்ப்பு. அப்படியானால், சாப்பிட்டாச்சா என்ற கேள்விக்கு மகாராஜா ஆச்சு என்று எதைச் சொன்னீர்கள்?"

"அது... மரியாதைக்குச் சொன்னது."

"நேற்று நானும் அதைத்தான் சொன்னேன், மகாராஜா."

கருணாகரர் முன்னால் வந்தார். "மகாராஜாவின் ஆச்சும் விகடனின் ஆச்சும் ஒன்றா? இவனுடைய தந்திரம் எனக்குக் காலையிலேயே தெரியும். அதனால்தான் நான் வாயே திறக்கவில்லை. இந்த அவையில் சட்டத்தை மீறாதவன் நான் ஒருவன்தான்."

அவையில் எல்லோரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். காலையிலேயே தெரியும் என்றால், தெரிந்தும் மகாராஜாவைப் போய் விழவிட்டாரா? மன்னருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும்.  பிறகு, மிகவும் கனிவாக, "நீர் ஒருவராவது தேறினீரே, கருணாகரரே. காலையிலிருந்து இதே கவலையாக இருந்திருப்பீர். முகம் வாடியிருக்கிறது. சாப்பிட்டாச்சா?" என்றார்.

"ஆச்சு, மகாராஜா" என்று குனிந்து வணங்கினார் கருணாகரர்.

குனிந்தவர் நிமிரவில்லை. காவலர்கள் இருவரும், பழக்கதோஷம், ஒரே குரலில், "பகலில் ஒன்று, இப்போது ஒன்று" என்றார்கள்.

மன்னருக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு தொந்தி. பிறகு, நன்றாக வளர்ந்திருந்த அந்தப் பத்தியத் தொந்தியைக் கையால் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவை முழுதும் சிரித்தது. மரியாதைக்குத்தானோ என்று தோணியப்பனுக்கு அன்று தோன்றவில்லை.

"சட்டம் போகட்டும். தோணியப்பா, என்ன வேண்டும், கேள்."

"காலையில் கூழ்ப் பானையை நிமிர்த்தி வைக்க வேண்டும், மகாராஜா."

"நிமிர்த்துவோம். தினமும் காலையில் கருணாகரர் கொட்டடி வாசலில் நின்று ஒவ்வொருவரையும் சாப்பிட்டாச்சா என்று கேட்பார். கடைசி ஆள் உண்மையாகவே ஆச்சு என்று சொன்ன பிறகுதான் அவருடைய இட்லி. சரி, உனக்கு என்ன வேண்டும்? முதலில் இதைச் சொல். சாப்பிட்டாயா?"

அவை மூச்சைப் பிடித்துக்கொண்டது. தோணியப்பனின் வாயில் "ஆ" வரை வந்துவிட்டது. விழுங்கினான்.

"இல்லை, மகாராஜா. பயத்தில் நேற்று மாலையிலிருந்து ஒரு பருக்கை இறங்கவில்லை."

இல்லை என்ற சொல்லை அந்த அரண்மனை கேட்டு வெகுகாலமாகியிருந்தது. நாட்டு வழக்கப்படி கேட்டவர்தான் சோறு போட வேண்டும். மன்னர் மறுபடியும் சிரித்துக்கொண்டே எழுந்து, தன் கைக்கடகத்தைக் கழற்றி அவன் கையில் போட்டார். பிறகு இலை போடச் சொல்லித் தன் கையாலேயே பரிமாறினார். நெய் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது.

அவன் மோர்ச்சோற்றுக்கு வந்தபோது, மாசாணம் யானைக்கொட்டடியில் கொண்டுபோய்க் கட்டியிருந்த பூரணத்தின் மாடு கன்று போட்டது. மறுநாள் காலையில் அவள் ஒரு சட்டி சீம்பால் காய்ச்சி அரண்மனைக்குக் கொடுத்தனுப்பினாள். மன்னர் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, கொட்டடி வாசலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த கருணாகரரிடம், "இது சாப்பாட்டில் சேருமா, பலகாரத்தில் சேருமா?" என்று கேட்டார்.

கருணாகரர் வாயைத் திறக்கவில்லை.