சிலுவைராசுக்குச் சேதி போனதா?

கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் மங்களநாயகி என்னும் ஆசிரியை கணினி பயிற்றுவித்து வந்தார். அவரினும் வயதில் மூத்தவனான இன்னாசி, வலைத்தொழிலை விட்டு அவரிடம் மாணவனாகச் சேர்ந்திருந்தான்.

ஒருநாள் அவன் பழைய மடிக்கணினி ஒன்றை ஆசிரியையின் முன் வைத்தான்.

"டீச்சர், இதுக்கான இயங்குதளத்தை நானே கட்டினேன். வேண்டாததையெல்லாம் கழிச்சாச்சு. சோலார் கரண்ட்லயே ஓடும்."

"என்ன வேலை செய்யும்?"

"காத்து கெளம்பினா கடல்ல நிக்கிற படகுக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்பும். ஒவ்வொரு படகுக்கும் தனித்தனி கன்டெய்னர். தனி அறை மாதிரி. ஒண்ணு விழுந்தா மத்தது அசையாது."

"விழுந்தது?"

"அதைத் தூக்கிப் போட்டுட்டு உடனே புதுசு ஒண்ணு எழுந்து நிக்கும். விழுந்ததே யாருக்கும் தெரியாது."

"எப்ப விழுந்துச்சு, ஏன் விழுந்துச்சுன்னு பதிவு இருக்குமில்ல?"

இன்னாசி சிரித்தான். "செத்த கன்டெய்னருக்கெல்லாம் கல்லறை கட்டினா இந்தக் கிழட்டுப் பெட்டி தாங்குமா டீச்சர்? பதிவு எழுதுற பகுதியைத்தான் முதல்ல கழிச்சேன்."

"திரும்ப வைங்க. ஒருநாள் யாராவது கேப்பாங்க."

"பாரம், டீச்சர்."

அவன் வைக்கவில்லை; பெட்டியை அப்படியே ஊர்ப் படகுகளுக்கு ஓடவிட்டான்.

ஆடி மாதத்துப் பிற்பகல் ஒன்றில் காற்று மூர்க்கமாக எழுந்தது. எச்சரிக்கை கேட்டு மற்றப் படகுகள் கரை சேர்ந்தன. சிலுவைராசின் படகு சேரவில்லை. அவன் உடலும், உடன் சென்ற மைத்துனன் உடலும் பின்னர் ஒதுங்கின.

படகுத்துறையில் பேச்சு எழுந்தது. "எல்லாருக்கும் சேதி வந்துச்சே! மீன் ஆசையில நின்னுருப்பான். மச்சினனையும் சேத்துல்ல கொன்னுட்டான்."

சிலுவைராசின் மனைவி அருளாயி, இன்னாசியின் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, அவருக்குச் சேதி போச்சா? போயும் நின்னாரா? எந்தம்பிய அவருதான் கொன்னாருன்னு எங்கம்மா என் முகத்தையே பாக்க மாட்டேங்குது. பெட்டியப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுண்ணே."

இன்னாசி கணினியைத் திறந்தான். எல்லாக் கன்டெய்னர்களும் பழுதின்றி ஓடிக்கொண்டிருந்தன. சிலுவைராசினுடையதும் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் கணினியை எடுத்துக்கொண்டு ஆசிரியையிடம் ஓடினான்.

"டீச்சர், சேதி போற நேரத்துல அவன் கன்டெய்னர் விழுந்து எழுந்திருந்தா சேதி போயிருக்காது. விழுந்துச்சா, விழவே இல்லையா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஆசிரியை நெடுநேரம் தேடினார்; எந்தப் பதிவும் கிடைக்கவில்லை. பிறகு கணினியை மூடி அவன் கைகளில் வைத்தார்.

"கனக்குதா?"

"இல்ல, டீச்சர்."

"நீங்க கழிச்ச பாரத்தை அருளாயி தூக்கிட்டு நிக்கிறா."

இன்னாசியின் குரல் இறங்கிற்று. "சேதி போகலன்னு சொல்லிரட்டா? அவளுக்கு நிம்மதியாவது கிடைக்கும்."

"போகலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப துறைக்குப் போங்க. அவனைப் பழிச்சவங்க எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க."

"என்னன்னு?"

"'சேதி போச்சா இல்லையான்னு இனி யாருக்கும் தெரியப்போறதில்ல. அப்படிப் பண்ணினவன் நான்'னு."