பதினோரு சிவப்பு வில்லைகள்

சிஷ்யருக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு நாற்பது. அதனால் முதல் வாரம் முழுக்க சிஷ்யருக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

சிஷ்யர் கோதண்டம், ஓசூரில் பெட்ரோல் பைக்குகளுக்கு பிஸ்டன் செய்யும் ஒரு தொழிற்சாலையின் மேலாளர். குரு டாக்டர் சுகிர்தா, நிறுவன உளவியல் நிபுணர். வேலை செய்யும் இடத்தில் மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பது அவர் தொழில். தொழிலாளிகள் அவருக்கு மனசு டாக்டரம்மா என்று பேர் வைத்தார்கள். பேச்சுக் கொடுத்தால் பைத்தியம் என்று எழுதிவிடுவாரோ என்று பயந்து பத்தடி தள்ளியே நடந்தார்கள்.

ஊரெல்லாம் பேட்டரி வண்டி வந்துகொண்டிருந்த நேரம். பேட்டரி வண்டிக்கு பிஸ்டன் வேண்டாம். வாங்கிக்கொண்டிருந்த மூன்று கம்பெனிகளில் இரண்டு ஆர்டரை நிறுத்திவிட்டன. மிச்சமிருந்த ஒன்றும் இரண்டு தடவை சரக்கைத் திருப்பி அனுப்பியது. தொழிற்சாலை இருக்குமா, போகுமா என்று ஒருத்தருக்கும் தெரியாது. அந்தச் சமயத்தில்தான் தலைமை அலுவலகம் சுகிர்தாவை அனுப்பிவைத்தது. அங்கே ஆறு சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள், மூன்று மாதத்தில் அவர்களைத் தலைவர்களாக்கிக் கொடுங்கள் என்றது. என்னமோ மாவு கொடுத்தால் தோசை வார்த்துக் கொடுப்பது மாதிரி.

சுகிர்தா மூன்று வாரமாக ஒரு வகுப்புகூட எடுக்கவில்லை. ஷிப்ட் மாறும்போதெல்லாம் வந்து, வாசல் பலகைக்கு எதிரே நின்று பார்த்துவிட்டுப் போனார். இதற்கு ஒரு டாக்டர் பட்டமா என்று கோதண்டத்துக்கு எரிச்சலாக வந்தது.

அந்தப் பலகை கோதண்டம் மாட்டியதுதான். ஏழு வருஷமாகிறது. ஆறு லைன்களின் பேரும் வரிசையாக எழுதியிருக்கும். ஷிப்ட் தொடங்கும்போது அந்தந்த லைன் சூப்பர்வைசர் ஒரு காந்த வில்லையை ஒட்ட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை, பிரச்சினை என்றால் சிவப்பு. பலகை எப்போதும் பச்சைப்பசேல் என்று இருந்தது. வெளியாட்கள் வந்தால் கோதண்டம் முதலில் அதைத்தான் காட்டுவார்.

அன்று வெள்ளிக்கிழமை. மதியம் ஒரு மணிக்குக் கோதண்டம் வேர்த்து விறுவிறுத்து சுகிர்தாவின் அறைக்கு வந்தார். கையில் ஒரு கடிதம்.

"அருள்தாஸ் ராஜினாமா கொடுத்துட்டான் மேடம். ரெண்டாவது லைன் சூப்பர்வைசர். இன்னைக்கோட போறானாம்."

"காரணம்?"

"ஒண்ணும் எழுதல. அவன் போனா பின்னாலயே எல்லாரும் கிளம்பிடுவாங்க. அப்புறம் எந்த ஆர்டர் வந்து என்ன, செய்யறதுக்கு ஆள் இருக்காது. ரெண்டு மணிக்கு எல்லாரையும் நிக்கவெச்சுப் பேசப்போறேன். இதைக் கொஞ்சம் பாருங்க."

சட்டைப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து நீட்டினார். சுகிர்தா படித்தார்.

"நம்ம எதிர்காலம் பிரகாசமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அது உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படி மேடம் தெரியும்?"

"அப்புறம்?"

"தலைவன்னா நாலு வார்த்தை தைரியம் சொல்லணும் இல்லையா? எனக்கே ஒண்ணும் புரியாதப்போ நான் எப்படி இவங்களுக்கு வழி காட்டறது? மூணு வாரமா இதைத்தான் கேக்கறேன். நீங்க வாயே திறக்க மாட்டேங்கறீங்க."

சுகிர்தா தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்தச் சிவப்பு வில்லையெல்லாம் எங்க சார் இருக்கு?"

கோதண்டத்துக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் போனார். தன் அலமாரியில் பழைய ஃபைல்களைக் கிளறி, தூசி படிந்த ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்தார்.

"எத்தனை இருக்கு?"

"பன்னெண்டு இருக்கணும்." எண்ணினார். "பதினொண்ணு இருக்கு."

"ஒண்ணு எங்க?"

"தெரியல மேடம்."

"யோசிச்சுப் பாருங்க."

"ஐயையோ, அங்க ஆளு போறான், நீங்க காந்தத்தை எண்ணச் சொல்றீங்களே!"

"பாக்கெட்டையும் எடுத்துட்டு வாங்க," என்று சுகிர்தா எழுந்தார்.

இரண்டு மணிக்கு இரண்டு ஷிப்ட் ஆட்களும் பலகைக்கு முன்னால் கூடியிருந்தார்கள். நூறு பேர் இருக்கும். அருள்தாஸ் ஓரமாக நின்றார். வீட்டுக்கு எடுத்துப்போக டூல்பாக்ஸைக் கயிறு போட்டுக் கட்டிக் காலடியில் வைத்திருந்தார். பலகையில் அன்றும் ஆறு பச்சை.

சுகிர்தா பேனாவை எடுத்து ஆறு பேர்களுக்கும் கீழே ஏழாவதாக ஒரு கோடு போட்டார். அதில் கோதண்டம் என்று எழுதினார்.

"வைங்க சார்."

"எதை?"

"உங்க நிலைமை எதுவோ அதை."

கோதண்டத்தின் ஒரு கையில் பேச்சுத் தாள், இன்னொரு கையில் பாக்கெட். தாளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பாக்கெட்டுக்குள் கைவிட்டு ஒரு சிவப்பை எடுத்துத் தன் பேருக்கு எதிரே ஒட்டினார்.

"எனக்குத் தெரியலப்பா," என்றார். "ஃபேக்டரி இருக்குமா போகுமான்னு நிஜமாவே தெரியல. ஆறு மாசமா சரியான தூக்கம் இல்ல. என்னத்தைச் சொல்றதுன்னே புரியல."

போச்சு, மானம் போச்சு என்று கோதண்டம் நினைத்தார்.

அருள்தாஸ் குனிந்து கயிற்றை அவிழ்த்தார். டூல்பாக்ஸின் அடியில், ஸ்பேனர்களுக்குக் கீழே துழாவி எதையோ எடுத்தார். எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு சிவப்பு வில்லை. பலகைக்கு வந்து, இரண்டாவது லைனின் பச்சையை எடுத்துவிட்டு அதை ஒட்டினார்.

கோதண்டம் திகைத்துப்போனார்.

"இது எப்படி உன்கிட்ட?"

"பலகை மாட்டின மொத நாளு நான் இதைத்தான் சார் வெச்சேன். போர்டை அசிங்கம் பண்ணாத, பச்சையை வெச்சுட்டு வந்து பேசுன்னீங்க. இத்தனை பேர் முன்னாடி."

"நானா?"

கூட்டத்தில் நாலைந்து தலைகள் ஆடின. எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது, கோதண்டத்தைத் தவிர.

"சரி, வந்து பேசியிருக்கலாமேப்பா."

"பச்சையை வெச்சப்புறம் பேச என்ன சார் இருக்கு?"

கோதண்டத்தின் முகம் சிவந்துவிட்டது.

"இப்ப சொல்லு. என்ன பிரச்சினை?"

"ஃபர்னஸ்ல சூடு நிக்க மாட்டேங்குது. மூணு மாசமா. ஏறுது, இறங்குது. பிஸ்டன் உறுதி பத்தல. அதான் சரக்கு திரும்பி வருது."

"மூணு மாசமாவா! அட கடவுளே, பேட்டரி வண்டியைக் காரணம் வெச்சுத் திருப்பறாங்கன்னு இல்ல நான் நினைச்சேன்!"

இதற்குள் நாலாவது லைன் சூப்பர்வைசர் வந்து பாக்கெட்டுக்காகக் கை நீட்டினார். பிறகு முதல் லைன். பிறகு ஐந்தும் ஆறும். மூன்றாவது லைன் பரிமளா மட்டும் நகரவில்லை.

"என் லைன் நிஜமாவே நல்லா இருக்கு சார். எல்லாரும் வெக்கிறாங்கன்னு நானும் வெக்க முடியாது."

யாரோ சிரித்தார்கள். மணி அடித்தது. ஆட்கள் கலைந்தார்கள்.

கோதண்டம் ராஜினாமா இருந்த சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு, "அருள்தாஸ், அந்த லெட்டர்..." என்றார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் சார். முதல்ல ஃபர்னஸைத் திறந்து பார்த்துடறேன்." டூல்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். போவாரா, இருப்பாரா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கோதண்டம் பலகை முன்னால் தனியாக நின்றார். ஒரே ஒரு பச்சை. மற்றதெல்லாம் சிவப்பு.

"மேடம், இப்பத்தான் எனக்கு ஜாஸ்தியா தலை சுத்துது. ஒரு மணிக்கு ஒரு பிரச்சினையோட வந்தேன். இப்ப போர்டு பூரா பிரச்சினை. நான் இவங்களுக்கு என்ன வழி சொல்றது?"

சுகிர்தா அவர் கையிலிருந்த பாக்கெட்டை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார்.

"இதுல ஆறுதான் மிச்சம் இருக்கு சார். நாளைக்கு வரும்போது இன்னொரு பாக்கெட் வாங்கிட்டு வந்துடுங்க."